ஸ்கேனில் 'வேறு மாதிரி' தெரியும் தமனிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருட ஒற்றைத் தலைவலிக்காக எம்.ஆர்.ஏ. (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) எடுத்தேன். 'வலப்புறம் ஃபீட்டல் பி.சி.ஏ.; இடது வெர்ட்டிப்ரல் தமனி சிறுத்துள்ளது' என்கிறது அறிக்கை. இது அடைப்பா?

பதில்: முதலாவது அடைப்பே அல்ல. பி.சி.ஏ. என்பது மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனி; 'ஃபீட்டல்' என்றால் கருவில் இருந்த அமைப்பு. கருவில் மூளையின் பின்பகுதிக்கு, கழுத்தின் முன்பக்கம் ஏறும் கரோட்டிட் தமனிதான் ரத்தம் தரும். பிறகு அந்த வேலையை, கழுத்தெலும்பு வழியே ஏறும் இரு வெர்ட்டிப்ரல் தமனிகள் சேர்ந்து உருவாகும் பேசிலார் தமனி எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வலப்பக்கம் அது கைமாறவில்லை, அவ்வளவுதான். மூளைக்கு அடியில் இந்தத் தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வில்லிஸ் வளையம் புத்தகத்தில் வரைந்தபடி முழுமையாக இருப்பவர்களே குறைவு. இதற்கு மருந்து வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். பின்னாளில் வலது கரோட்டிட்டிலிருந்து ரத்தக்கட்டி கிளம்பினால் இரு கண்களிலும் இடப்பக்கப் பார்வை போகலாம். அத்தகைய பக்கவாதத்துக்குப் பின்புறத் தமனிகளைச் சந்தேகிப்பதுதான் வழக்கம் என்பதால், கரோட்டிட்டைப் பார்க்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு.

வெர்ட்டிப்ரல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விட்டம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் பிறவிச் சிறுத்தல் என்று எழுதிவிடுவார்கள். உட்சுவர் கிழிந்து சுருங்கிய தமனியும் அதே மாதிரிதான் தெரியும். பிறவியிலேயே சிறியது என்றால், கழுத்தெலும்பில் அது ஏறிச் செல்லும் துளைகளும் பெரும்பாலும் சிறியவை, சி.டி.யில் அளக்கலாம். துளை பெரிது, குழாய் சிறிது என்றால், கொழுப்பை மறைத்து எடுக்கும் டி1 எம்.ஆர்.ஐ. தேவை. சுவருக்குள் கசிந்த ரத்தம் அதில் வெள்ளைப் பிறையாகத் தெரியும். பழைய தலைவலி போலல்லாமல் திடீரெனக் கழுத்துவலி, தள்ளாட்டம் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மாமாவின் ஸ்கேனில் இடது உட்கரோட்டிட் தமனியே (கரோட்டிட்டிலிருந்து மூளைக்குச் செல்லும் கிளை) தெரியவில்லை. பிறவியிலேயே இல்லையா, அடைபட்டுவிட்டதா?

பதில்: விடை எலும்பில் இருக்கிறது. கருவில் தமனி இருந்தால்தான் அதைச் சுற்றி மண்டையோட்டின் அடியில் எலும்புக் கால்வாய் உருவாகும். மெல்லிய வெட்டு சி.டி.யில் இடது கால்வாயே இல்லையென்றால் தமனி உருவாகவேயில்லை. கால்வாய் முழு அளவில் இருந்தால் அடைப்பு. பிறவியில் இல்லாதவர்கள் 0.01 சதவீதத்துக்கும் குறைவு. எனவே அடைப்பையே முதலில் நினைக்க வேண்டும். பிறவிக் குறைதான் என்று உறுதியானால், கூடுதல் ரத்தத்தைச் சுமக்கும் மற்றத் தமனிகளில் பலூன் போன்ற வீக்கம் (அனியூரிசம்) இருக்கிறதா என்று தேடுவது அவசியம். வலது கரோட்டிட்டில் அறுவை நேர்ந்தால், கவ்வி போடும் நிமிடங்களில் மூளையின் இரு பாதியும் பட்டினி கிடக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: ஒரே அடைப்பு மூளையின் இருபக்கத்தையும் தாக்குமா?

பதில்: தாக்கும். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்ற பகுதியின் நடுவுக்கு வலமும் இடமும் தனித்தனி நுண்தமனிகள் போவது வழக்கம். சிலருக்கு ஒரு பக்கத்து பி.சி.ஏ.விலிருந்து ஒற்றைத் தண்டு கிளம்பி இரண்டாகப் பிரியும். இதற்குப் பெர்ஷெரான் தமனி என்று பெயர். அது அடைபட்டால் கை கால் நன்றாக அசையலாம், ஆனால் ஆள் எழுப்பினாலும் தூங்கிக்கொண்டே இருப்பார். கண் மேலும் கீழும் நகராது. விழித்த பிறகு நினைவு குழம்பும். போதையா, வலிப்பா, சர்க்கரை இறங்கிவிட்டதா என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். தொடக்க சி.டி. பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், புதிய பக்கவாதத்தைச் சீக்கிரமே காட்டும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யில்தான் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு தெரியும். ஆஞ்சியோவில் தண்டு தெரியவில்லை என்பதற்காக இதை ஒதுக்கக் கூடாது. அது அவ்வளவு மெலிசு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்.