அப்பச்சி 23, தம்பி 17

கேள்வி: பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள எங்கள் ஹைபிரிட் காரை அப்பச்சி காரைக்குடிக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் காட்டுகிறது. தம்பி திருச்சிக்குப் போய் வந்தால் 17-இல் நிற்கிறது. "பாட்டரி துணைக்கு இருக்கும்போது வேகத்தால் என்ன குறைந்துவிடும்? வண்டியில்தான் கோளாறு" என்கிறான். அப்பச்சியோ இறக்கம் கண்ட இடமெல்லாம் நியூட்ரலில் உருட்டித்தான் மிச்சம் பிடிப்பதாகச் சொல்கிறார். அக்கா கல்யாணத்துக்குச் சீர்சாமான் ஏற்ற மாட்டிய கேரியர் இன்னும் மேலேதான் இருக்கிறது. யார் சொல்வது சரி?
- வாசகி, கோட்டையூர்

பதில்: வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம், அந்தச் செலவு மிச்சம்.

பாட்டரி துணைக்கு இருப்பது உண்மை. அந்தப் பாட்டரிக்கு யார் கொடுக்கிறார்கள் என்று தம்பியிடம் கேளுங்கள். வீட்டு பிளக்கில் செருகாத வண்டிக்குள் வருவதெல்லாம் பங்கில் போட்ட பெட்ரோல்தான். பிரேக் போடும்போது சூடாகி வீணாகும் சக்தியில் ஒரு பங்கை மோட்டார் பிடித்து, மின்சாரமாக்கி வரவு வைக்கிறது. அடுத்துக் கிளம்பும்போது அதிலிருந்து பற்று. செக்காலை ரோட்டில் நின்று நின்று போகிற அப்பச்சிக்கு வரவு ஓயாமல் வருகிறது. ஊர்கிற நேரத்தில் பெரும்பாலும் என்ஜினே அணைந்து கிடக்கும். திருமயம் தாண்டி 100-இல் போகிற தம்பி எங்கே பிரேக் போடுகிறார்?

அவருக்கு வரவு இல்லை, செலவு மட்டும் ஏறுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-இல் இருப்பதைவிட 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 60-ஐவிட ஏறக்குறைய 2.8 மடங்கு. காற்றுக்குக் கொடுத்ததை எந்த மோட்டாரும் வசூலிக்க முடியாது. சாதாரண பெட்ரோல் கார் ஊருக்குள் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் குறைத்துக்கொள்ளும். ஹைபிரிட்டில் இது தலைகீழாகலாம்: அமெரிக்க அரசின் கணக்கில் 2010 டொயோட்டா பிரியஸுக்கு நகரில் கேலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48.

நானும் நம்பாமல் மாப்பிள்ளையின் ஹைபிரிட்டை இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாங்கிக்கொண்டு போனேன். அதே பங்க், அதே பம்ப், தானாக நிற்கும்வரை பெட்ரோல். திருச்சி போய்த் திரும்ப 184 கிலோமீட்டர். 100-ஐ ஒட்டிப் போன அன்று 9.9 லிட்டர் பிடித்தது. 80-ஐத் தாண்டாத அன்று 8.2. அதாவது 18.6-க்கும் 22.4-க்கும் உள்ள வித்தியாசம். நேரக் கணக்கையும் பாருங்கள்: 90 கிலோமீட்டருக்கு 100-இல் 54 நிமிடம், 80-இல் ஏறத்தாழ 68. அந்தப் பதினான்கு நிமிடத்தைத் தம்பி வழியில் ஒரு காபிக்கே கொடுத்துவிடுவார். அதற்காக 20-இல் ஊர்ந்தால் இன்னும் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். ஏசி தூரத்தைப் பார்ப்பதில்லை, நேரத்துக்குத் தின்னும்.

இனி அப்பச்சிக்கு. நியூட்ரலில் உருட்டுவது அம்பாசடர் காலத்துக் கைப்பழக்கம். எனக்கும் இருந்தது, விட ஒரு வருடம் ஆனது. உருட்டும்போது வண்டி கையில் நிற்காது என்பது ஒருபுறம். ஹைபிரிட்டை நியூட்ரலில் போட்டால் பாட்டரிக்கு வர வேண்டிய மின்சாரமும் நின்றுவிடும். ஓட்டும் கியரான 'டி'யிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். மினி பஸ் ஒன்று முன்னால் நிற்கப் போகிறது என்றால் தூரத்திலேயே பிரேக்கை மெல்லத் தொடச் சொல்லுங்கள். டாஷ்போர்டில் 'சார்ஜ்' பக்கம் முள் சாயும். கிட்டப் போய் அழுத்தி மிதித்தால் மோட்டார் தன்னால் முடிந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக் தகட்டில் தேய்ந்து சூடாகப் போகும்.

கேரியர் காரைக்குடிக்குள் பெரிதாக ஒன்றும் செய்யாது. 100-இல் தம்பியின் பெட்ரோலை அதுவும் சேர்ந்து தின்கிறது. கழற்றி இரண்டாம் கட்டில் வைத்துவிடுங்கள், தம்பியின் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.