கற்றாழை, குப்பைமேனிச் சாற்றை முகத்தில் நேரடியாகப் பூசலாமா?

கற்றாழையைப் பூசலாம், பக்குவமாக எடுத்தால். மதுரைப் பக்கம் வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே சோற்றுக்கற்றாழைதான். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக, கசப்பாக ஒரு பால் வடியும். அதில் அலோயின் என்ற கசப்பான வேதிப்பொருள் இருக்கிறது; சிலருக்கு அரிப்பைக் கிளப்புவது இந்தப் பால்தான். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் சாய்த்து வையுங்கள். அப்புறம் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை நாலைந்து தடவை அலசுங்கள். அந்தச் சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். வெயிலில் காய்ந்த முகத்துக்கு அவ்வளவு இதமாக இருப்பது அதனால்தான்.

குப்பைமேனி வேறு ரகம். வயல் வரப்பில் தானாக முளைப்பது. எங்கள் அப்பத்தா மஞ்சளோடு அரைத்துச் சொறி, சிரங்குக்குப் போடுவார். அது மருந்து, தினமும் முகத்தில் பூச வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, வீட்டில் எடுத்த சாறு சீக்கிரம் கெடும். நிறம் மாறாவிட்டாலும் கிருமி பெருகியிருக்கும். நம் ஊர் வெயிலில் காலையில் அரைத்ததைச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ எரிந்தாலோ அந்த இலை உங்களுக்கு ஆகாது.