மோல்டை பிடிச்சு வச்சா பணம் வருமா? ஓசூர் எட்சிங் யூனிட்காரருக்கு பதில்

கேள்வி: வக்கீல் சார், ஓசூர்ல சின்னதா ஒரு மோல்டு டெக்ஸ்சர் யூனிட் நடத்துறேன், அதாவது பிளாஸ்டிக் பார்ட் அடிக்கிற ஸ்டீல் அச்சுல ஆசிட் வச்சு டிசைன் போடுற வேலை. பொம்மசந்திரா பார்ட்டி ஒருத்தர் கார் டோர் ட்ரிம் மோல்டோட கேவிட்டிக்கு (அச்சோட உள்குழிக்கு) லெதர் கிரெயின், அதாவது தோல் மாதிரி வரி, போட குடுத்தார். ஆசிட்ல எட்ச் பண்ணி எடுத்தா ஒரு மூலைல பட்டையா வேற ஷேடு அடிக்குது, அந்த இடத்துல ஏற்கனவே வெல்டு வச்சிருக்காங்க, ஆனா எங்ககிட்ட சொல்லல. இப்ப எங்க பில் 85,000 தர மாட்டாராம், மோல்டு விலை 14 லட்சமும் லைன் நின்ன நஷ்டமும் நாங்க தரணுமாம். இதுக்கு முன்னாடி முடிச்சு குடுத்த ரெண்டு வேலைக்கு 1,40,000 அஞ்சு மாசமா பாக்கி வேற. எல்லாம் செட்டில் பண்ணாத்தான் மோல்டுன்னு வாட்ஸ்அப்ல சொல்லிட்டேன். நம்பிக்கை மோசடின்னு போலீஸ்ல குடுப்பேன்னு மிரட்டுறார். நான் பண்ணது தப்பா?

பதில்: நீங்க அனுப்பின பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், கடைசில பொடி எழுத்துல இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள் கிரெடிட்னு இருக்கு. உங்க கேள்விக்கு பாதி பதில் அந்த ஒரு வரில இருக்கு.

ஜாப் ஒர்க்குக்கு வந்த பொருள கூலி வர்ற வரைக்கும் கைல வச்சுக்கிற உரிமை நம்ம சட்டத்துலயே இருக்கு, 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்த சட்டம், செக்ஷன் 170. உழைப்போ திறமையோ போட்டு ஒருத்தர் பொருள்ல வேலை செஞ்சா கூலி வாங்குற வரைக்கும் அந்த பொருள நிறுத்தி வைக்கலாம். ஆனா அந்த செக்ஷனுக்கு கீழ சட்டமே ரெண்டு உதாரணம் குடுத்திருக்கு பாருங்க, மொத உதாரணத்துல வைரத்த பட்டை தீட்டின நகைக்காரர் காசு வர்ற வரைக்கும் வைரத்த வச்சுக்கலாம், ரெண்டாவதுல ஒரு தையல்காரர் தச்சதும் கோட்டை குடுத்துடுறேன், காசுக்கு மூணு மாசம் டைம்னு ஒத்துக்கிட்டார், அவர் கோட்டை பிடிச்சு வைக்க முடியாது. 30 நாள் கிரெடிட் குடுத்த நீங்க அந்த தையல்காரர் இடத்துல நிக்கிறீங்க. கிரெடிட் நாள் தாண்டியும் மோல்டு நம்மகிட்டயே இருந்தா உரிமை வந்துடும்னு வாதாடலாம், நானும் வாதாடுவேன், ஆனா வெறும் வாதத்த நம்பி அடுத்தவன் 14 லட்ச ரூபாய் இரும்ப ஷெட்ல வச்சுக்கிட்டு உக்காராதீங்க.

அத விட மோசம் பழைய பாக்கிய இதுல சேத்தது. செக்ஷன் 170 குடுக்கிற உரிமை அந்தந்த பொருள்ல செஞ்ச வேலைக்கு மட்டும்தான், வேற பாக்கிக்கும் சேத்து பொருள பிடிக்கிற உரிமை அடுத்த செக்ஷன் 171-ல பேங்க் மாதிரி நாலஞ்சு வகை ஆளுங்களுக்கு மட்டும்தான் இருக்கு, ஜாப் ஒர்க்காரர் அதுல இல்ல, தனியா ஒப்பந்தம் போட்டிருந்தா தவிர. இன்னொன்னு, கேவிட்டி பக்கவாட்டுல கார் கம்பெனியோட அசெட் நம்பர் பிளேட் அடிச்சிருக்கான்னு பாருங்க. ட்ரிம் மோல்டெல்லாம் பெரும்பாலும் கார் கம்பெனி சொத்தா இருக்கும், பார்ட் அடிச்சு குடுக்கிற மோல்டர்கிட்ட சும்மா இருக்கும். அப்படின்னா நீங்க பிடிச்சு வச்சிருக்கிறது உங்களுக்கு ஒரு பைசா கடன்படாத ஒருத்தரோட பொருள், அவங்க லீகல் டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் வந்தா பொம்மசந்திராக்காரர் சிரிச்சுக்கிட்டு ஒதுங்கிடுவார்.

போலீஸ் விஷயத்துக்கு ரொம்ப பயப்பட வேணாம். நம்பிக்கை மோசடி இப்ப பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 316-ல வருது, 2024 ஜூலை 1-ல இருந்து, தண்டனை அஞ்சு வருஷம் வரைக்கும் போகும், ஆனா அதுக்கு நேர்மையில்லாத எண்ணம் வேணும், அதாவது பொருள நீங்க அமுக்கிக்கிட்டோ வித்தோ இருக்கணும். மோல்டு என் ஷெட்லதான் இருக்கு, கணக்குல தகராறுன்னு எழுத்துல இருந்தா அது சிவில் விவகாரம். ஸ்டேஷன்ல கூப்பிட்டா போங்க, பிஓ, டெலிவரி சலான், பில் எல்லாம் காப்பி எடுத்துட்டு போங்க, அங்க உக்காந்து எதையும் எழுதி குடுக்காதீங்க. மோல்டை மட்டும் வேற இடத்துக்கு நகத்திடாதீங்க, அத பண்ணாத்தான் சிக்கல்.

இப்ப அந்த பட்டை. இதுலதான் கேஸே இருக்கு. வெல்டு வச்ச இடத்துல ஸ்டீலோட காம்போசிஷனும் ஹார்ட்னஸும் மாறிடும், சுத்தி இருக்கிற பி20 மோல்டு ஸ்டீல் ஒரு வேகத்துல அரிக்கும், வெல்டு ஒரு வேகத்துல அரிக்கும், அதே ஸ்டீல் ராடு போட்டு ப்ரீஹீட் பண்ணி வெல்டு முடிஞ்சு டெம்பரும் பண்ணியிருந்தா வித்தியாசம் கொறையும், அவசரத்துல ஏதோ ஒரு ராட வச்சு மூடியிருந்தா பட்டை தெரியத்தான் செய்யும். பொருள குடுக்கிறவர் தனக்கு தெரிஞ்ச குறைய வாங்குறவர்கிட்ட சொல்லணும்னு செக்ஷன் 150 இருக்கு, வெல்டு வச்சது அவங்க டூல் ரூம்னா தெரியாதுன்னு சொல்ல முடியாது. நீங்க சாதாரண அறிவுள்ள ஒருத்தர் தன் பொருள பாத்துக்கிற அளவு கவனம் எடுத்திருந்தா 151, 152 படி உங்க மேல பொறுப்பு வராது. ஆனா எதிர் வக்கீல் கேக்குற மொத கேள்விய நானே கேட்டுடுறேன், மாஸ்கிங் போடுறதுக்கு முன்னாடி லேசா நைட்டால் (நைட்ரிக் ஆசிடும் ஆல்கஹாலும் கலந்த டெஸ்ட் திரவம்) தடவி பாத்தா வெல்டு காட்டிக்குடுத்திருக்குமே, டெக்ஸ்சர் போடுறதே தொழிலா வச்சிருக்கிற நீங்க ஏன் பாக்கல? கவனமா இருந்தேன்னு நிரூபிக்கிற சுமை உங்க பக்கம்தான் வரும். அதனால ஜாப் கார்டு, மோல்டு வந்தன்னிக்கு எடுத்த போட்டோ, வெல்டு இருக்கான்னு கேட்டு அனுப்பின மெசேஜ், எது இருந்தாலும் அழிக்காம வைங்க. பசங்க போன்ல கூட தேடுங்க.

14 லட்சம்லாம் சும்மா மிரட்டல். செக்ஷன் 73 படி நஷ்டம்னா நேரடியா வர்ற நஷ்டம்தான், அத கொறைக்க அவர் என்ன முயற்சி எடுத்தார்னும் பாப்பாங்க. கிரெயின உரசி எடுத்து வெல்டை சரி பண்ணி திரும்ப எட்ச் பண்ண முடியும்னா, தப்பு உங்களுதுன்னே வச்சாலும் கணக்கு அந்த செலவ சுத்தித்தான் நிக்கும். லைன் நின்ன நஷ்டம், லேட்டானா இவ்ளோ போகும்னு ஆர்டர் போடும்போதே உங்களுக்கு தெரியப்படுத்தியிருந்தா தவிர நிக்காது.

உங்க உண்மையான பலம் நீங்க சாதாரணமா நெனச்ச அந்த 1,40,000-லதான் இருக்கு. உதயம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழிலுக்கான மத்திய அரசு பதிவு, எப்ப எடுத்தீங்கன்னு சொல்லவே இல்லையே? அந்த வேலைகளுக்கு முன்னாடியே எடுத்திருந்தா 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டம் உங்களுக்கு கெடைக்கும், வேலை முடிஞ்சப்புறம் எடுத்த ரெஜிஸ்ட்ரேஷன் பின்னாடி தேதிக்கு உதவாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2022 மகாகாளி ஃபுட்ஸ் கேஸ்ல சொல்லியிருக்கு. பொருள் போய் 15 நாளுக்குள்ள அவங்க எழுத்துல குறை சொல்லலேன்னா ஏத்துக்கிட்டதாவே அர்த்தம், ஒப்பந்தத்துல என்ன போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது, இழுத்தா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்குல மாசாமாசம் கூட்டு வட்டி ஓடும். பார்ட்டி கர்நாடகால இருந்தாலும் உங்க யூனிட் தமிழ்நாட்டுல இருக்கிறதால அந்த சட்டப்படி பாக்கி தகராறு தீக்கிற நம்ம ஊர் ஃபெசிலிடேஷன் கவுன்சில்லயே மனு போடலாம், ஆன்லைன்லதான், கிருஷ்ணகிரி மாவட்ட தொழில் மையத்துல கேட்டா வழி காட்டுவாங்க. தீர்ப்ப எதுத்து அவர் கோர்ட்டுக்கு போகணும்னா தீர்ப்பு தொகைல 75 சதவீதம் கட்டிட்டுத்தான் போகணும். அவர் மோல்டு நஷ்டத்த எதிர் கிளெய்மா அதே கவுன்சில்ல வைக்கலாம், அதுக்கு தயாரா இருங்க.

அதனால முதல்ல ஒரு ஈமெயில்: பழைய பாக்கிக்கும் இந்த மோல்டுக்கும் சம்பந்தமில்ல, அத தனியா கேட்டுக்கிறேன், முன்னாடி அனுப்பின மெசேஜ வாபஸ் வாங்குறேன், மோல்டை எடுத்துட்டு போலாம், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தரப்பும் சேந்து பட்டைய பாத்து போட்டோ எடுத்து கையெழுத்து போடணும், ஹார்ட்னஸ் டெஸ்டும் பண்ணணும். ஒரு வாரம் டைம் குடுங்க. வரலேன்னா நீங்களே வெளி ஆள் ஒருத்தர வச்சு ஹார்ட்னஸ் பாத்து ரிப்போர்ட் வாங்கிட்டு, சலான் போட்டு அனுப்பிடுங்க, சலான்ல வெல்டு இருந்த இடத்த எழுதி வாங்கினவர் கையெழுத்து வாங்கணும். மோல்டை விட்டா பிடி போயிடுமேன்னு தோணும், இந்த பிஓவோட உங்களுக்கு பெருசா பிடி ஏதும் இல்லங்க.

நீங்க கேக்காத ஒன்னு. சண்டை முத்தினா அடுத்த ஃபோன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் போகும். ஃபெரிக் குளோரைடும் நைட்ரிக்கும் ஓடுற இடம், கெலவரப்பள்ளி டேம்ல நுரை பொங்கும்போதெல்லாம் ஓசூர் பக்கம் ஆசிட் யூனிட்ட தேடுவாங்க. வாரியம் குடுத்த கன்சென்ட் (யூனிட் நடத்துற அனுமதி) நடப்புல இருக்கா, யூஸ் ஆன ஆசிட் எங்க போகுதுன்னு ரெஜிஸ்டர் இருக்கா, மனு போடுறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க.

அடுத்த ஆர்டர்ல இருந்து கொட்டேஷன்லயே வெல்டு, நைட்ரைடிங் (மேல்பரப்ப கெட்டியாக்குறது), ஈடிஎம் (மின்பொறியால ஸ்டீல செதுக்குறது) வேலை எங்க எங்கன்னு கஸ்டமர் குறிச்சு கையெழுத்து போடணும்னு ஒரு வரி, பணம் குடுத்துட்டு மோல்டு எடுக்கணும்னு இன்னொரு வரி போடுங்க. கிரெடிட் குடுத்தே ஆகணும்னா, பாக்கி எதுவா இருந்தாலும் கைல இருக்கிற மோல்டை நிறுத்தி வைக்கலாம்னு மூணாவது வரியும் சேத்து அவங்க சீல் வாங்கிடுங்க. உதயம் சர்டிபிகேட்டும் அந்த ரெண்டு பழைய பில்லோட சலானும் எனக்கு அனுப்புங்க, கவுன்சில் மனு நான் தயார் பண்றேன்.