கன்றுக் கழிச்சலுக்கு போஸ்ட்பயாட்டிக் பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: பிறந்து பத்து நாளான இரண்டு கன்றுகள் மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிகின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கூடவே புரோபயாட்டிக் பவுடரும் பாலில் கலக்கிக் கொடுத்தேன், நிற்கவில்லை. "பவுடரில் இருக்கும் பாக்டீரியா செத்திருக்கும். அது சுரக்கும் சத்தே இந்த போஸ்ட்பயாட்டிக் பாட்டிலில் இருக்கிறது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? பாலை நிறுத்திவிட்டேன்.

பதில்: முதலில் பாலைத் திரும்பக் கொடுங்கள். கழிச்சலில் கன்றைச் சாகடிப்பது பால் அல்ல, உடம்பில் நீரும் உப்பும் வற்றுவதுதான். பால் வேளைகளுக்கு நடுவே எலக்ட்ரோலைட் கரைசல் (வற்றிய உப்பை ஈடுகட்டும் நீர்), நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, எழுந்து நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்த லாக்டோபேசில்லஸில் (புரோபயாட்டிக் பவுடரில் இருக்கும் நல்ல பாக்டீரியா) பெரும்பகுதி செத்திருக்கலாம். அது சுரக்கும் லாக்டிக் அமிலமும், கிருமிகளைத் தடுக்கும் பாக்டீரியோசின் புரதங்களும் உயிருள்ளவை அல்ல, அதனால் ஆன்டிபயாட்டிக் அவற்றைக் கொல்லாது. ஆனால் எந்த பாக்டீரியா, என்ன அளவு என்று லேபிளில் இல்லாமல் 'நொதித்த சாறு' என்று மட்டும் போட்டிருக்கும் பாட்டிலை நான் தொடமாட்டேன். கழிகிற கன்றுக்கு அதை மருந்தென்று விற்பது அநியாயம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கன்றுக்குத் தனி வாளியில் தண்ணீர் வைத்தீர்களா? பலர் 'பாலே தண்ணீர்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். கன்று உறிஞ்சும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொள்வதால் பால் முதல் வயிற்றைத் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். முதல் வயிற்றில் இறங்குவது தனியாகக் குடிக்கும் தண்ணீர்தான். அந்த ஈரமும் ஒரு பிடி கன்றுத் தீவனமும் இருந்தால் அங்குள்ள பாக்டீரியாவே பியூட்டிரிக் அமிலம் சுரக்கும். வயிற்றுச் சுவரின் விரல் போன்ற முகிழ்களை வளர்ப்பது அந்த அமிலம். அவை வளர்ந்தால்தான் பால் மறந்த பிறகு கன்று தீவனச் சத்தை உறிஞ்சும். பாட்டிலில் தேடும் பொருளைக் கன்றின் வயிறே தயாரிக்கும். முதல் வாரத்திலிருந்தே தண்ணீரும் தீவனமும் வையுங்கள். மிச்சத்தைத் தினமும் கொட்டிப் புதிதாக வையுங்கள்.

அடுத்த கன்று பிறந்ததும், முதல் சில மணி நேரத்திற்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போயாக வேண்டும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். 24 மணி நேரத்தில் சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் வழி குடலில் அடைபட்டுவிடும். இந்த இரண்டு கன்றுகளும் சீம்பாலை எப்போது, எவ்வளவு குடித்தன என்று எழுதுங்கள்.