ரக்பியை நம்பி வாழ முடியுமா?

கோத்தகிரியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ரக்பியே தன் வாழ்க்கை என்கிறான், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாடட்டும் அக்கா. படிப்பை மட்டும் கைவிட வேண்டாம்.

பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் 1995 வரை சம்பளம் வாங்கவே அனுமதி இல்லை. மருத்துவராகவும் போலீஸ்காரராகவும் விவசாயியாகவும் வேலை பார்த்துக்கொண்டேதான் நாட்டுக்காக ஆடினார்கள். இந்தியாவில் இன்றும் பெரும்பாலோர் நிலை அதுதான். கதவு இப்போதுதான் திறக்கிறது: 2025-இல் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை அணியே வென்றது! அது ஏழு பேர் ஆட்டம். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுவே. ஓட்டமும் மூச்சும்தான் அதற்கு மூலதனம். தேயிலை மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த கால்களுக்கு நன்றாகப் பொருந்தும். நம் மலையில் பற்றாக்குறை சமதளத்துக்குத்தான். முழு மைதானம் 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் வரை இருக்கும். பயிற்சிக்குக் கோவைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கலாம்.

முப்பதைத் தாண்டியதும் பலர் ஓய்வு பெறுகிறார்கள். பட்டம் அப்போது கைகொடுக்கும்.

எனக்குள்ள பயம் தலையில் படும் அடி. மோதலுக்குப் பின் மயக்கமோ தடுமாற்றமோ தெரிந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் அன்று அவனை மறுபடி களமிறங்க விடாதீர்கள். மருத்துவர் பார்க்கட்டும்.