பந்தியும் குப்பியும்

கேள்வி (ஜூன் 2021): அம்மாவுக்குக் கொரோனா தடுப்பூசியின் 2-வது டோஸ் கிடைக்கவில்லை. எனக்கும் மனைவிக்கும் முதல் டோஸே இல்லை. விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றும் டோக்கன் தீர்ந்துவிடுகிறது. எதிர்வீட்டுக்காரர் கோவையில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிக் குடும்பத்தோடு கொரோனா தடுப்பூசி போட்டு வந்துவிட்டார். பந்திக்கு முந்தியவருக்குத்தான் இலையா? (வாசகர், தாராபுரம்)

பதில்: பந்தியை ஏன் பழிக்கிறீர்கள்? கல்யாணப் பந்தியில் இந்த அநியாயம் நடக்காது. பெண் வீட்டார் தலையை எண்ணித்தான் அரிசி போடச் சொல்வார்கள். கூட்டம் கூடிவிட்டதா, சமையல்காரர் இன்னோர் அண்டாவை அடுப்பில் ஏற்றுவார். கடைசிப் பந்திக்கு ரசம் நீர்த்திருக்கலாம், பாயசம் அரைக் கரண்டியாகலாம். பசியோடு யாரையும் அனுப்ப மாட்டார்கள். முக்கியமாக, 5,000 மொய் எழுதியவருக்கும் 50 எழுதியவருக்கும் ஒரே சாம்பார்.

இங்கே அரிசி போடும்போதே கணக்கு தப்பு. 18 வயது நிரம்பியவர்கள் சுமார் 94 கோடிப் பேர், தலைக்கு 2 டோஸ். 2021 ஜனவரியில் மத்திய அரசு, கோவிஷீல்டு தடுப்பூசியைத் தயாரித்த சீரம் நிறுவனத்திடம் முதலில் கேட்டது 1 கோடியே 10 லட்சம் டோஸ். பிறகு, மே 1 முதல், ஒரே கோவிஷீல்டுக்கு மூன்று மொய்: மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியாருக்கு 600. யாருக்குக் கொடுத்தால் லாபம் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லித் தர வேண்டுமா? 18 முதல் 44 வயதினரைப் பணம் கட்ட வைத்தது தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான், 2021 ஜூன் 21 முதல் மத்திய அரசே 75 சதவீதத்தை வாங்கி இலவசமாகத் தர முடிவெடுத்தது. மீதி 25 சதவீதம் அப்படியே தனியாருக்கு; அங்கே ஒரு டோஸ் கோவிஷீல்டு 2021-ல் 780 ரூபாய் வரை. தட்டுப்பாடு தீரும்வரை அந்த 25-ஐயும் அரசு மையங்களுக்கே திருப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிர்வீட்டுக்காரர் மேல் கோபம் வேண்டாம். அரசு திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் அவர் போனார்.

ஊசி போடும் நர்ஸம்மா மீதும் கோபம் வேண்டாம். ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கிறது, ஆளுக்கு அரை மில்லி. திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால் ஆள் சேரும்வரை அடுத்த குப்பியைத் திறக்கத் தயங்குவார்கள். மாலையில் திறந்த கடைசிக் குப்பியில் இரண்டு மூன்று டோஸ் மீந்து ஆள் தேடுவதும் உண்டு. டோக்கன் கிடைக்காத அன்றும், மையம் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆதார் அட்டையோடு மூவரும் போய் நில்லுங்கள். 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கும் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு 2021 மே 24 முதல் அனுமதி தந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குப் போட்டது கோவிஷீல்டானால், இரண்டு டோஸுக்கும் நடுவே 84 நாள் இடைவெளி என்பது 2021 மே மாத விதி; அது முடிந்ததா என்று சான்றிதழில் பாருங்கள். முடியாவிட்டால் கணினி ஏற்காது. முதல் டோஸுக்குக் கொடுத்த அதே செல்போன் எண்ணையும் அதே அடையாள அட்டையையும் கொடுங்கள். எண்ணை மாற்றினால் புதிய ஆளாகப் பதிவாகி, கையில் இரண்டு ‘முதல் டோஸ்’ சான்றிதழ் இருக்கும். அதைச் சரிசெய்ய அலைவது வரிசையில் நிற்பதைவிடக் கொடுமை.

இனி அடுப்புக்கு, அதாவது தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனங்களுக்கு வருகிறேன். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. காசநோய்த் தடுப்பூசி தயாரிக்கும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-ல். தரக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று 2008 ஜனவரியில் இரண்டின் உரிமத்தையும், இமாசலப் பிரதேசத்தின் கசௌலி நிறுவனத்தோடு சேர்த்து, நிறுத்திவைத்தார்கள். அடுப்பில் விரிசல் என்றால் பூசிச் சரிசெய்வார்கள், சமையலறையைப் பூட்டுவார்களா? 2010-ல் உரிமம் திரும்பியது, இழந்த காலம் திரும்பவில்லை. செங்கல்பட்டு திருமணியில் 100 ஏக்கரில், பல நூறு கோடி ரூபாயில் எழுப்பிய தடுப்பூசி வளாகத்திலிருந்து இந்த 2021 ஜூன் வரை ஒரு டோஸ் கூட வெளியே வரவில்லை. 2021 மே 25-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்த்துவிட்டு, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கேட்டுப் பிரதமருக்கு எழுதினார். இன்றே சாவி கிடைத்தாலும் உற்பத்திக்குப் பல மாதம் ஆகும். அதனால்தான் சாவியை இன்றே கொடுங்கள் என்கிறேன்.