உளுந்து வயலில் கண்ட நீலப் புள்ளித் தேனீ: படத்தை வைத்து இனம் சொல்ல முடியுமா?

மன்னார்குடிப் பக்கம் வரப்போரத் துளசியில் எடுத்த ஒரே படத்தை வைத்து, இது எந்தத் தேனீ இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். பேரினம் வரை உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேல் இந்தப் படம் போதாது.

வயிற்றில் நீலம் முழுப் பட்டையாக ஓடினால் அமெகில்லா என்ற பேரினம். உங்கள் படத்தில் இருப்பதுபோல் இருபுறமும் துண்டு துண்டாகப் புள்ளி வைத்திருந்தால் தைரியஸ் என்ற பேரினம். இது அமெகில்லாவின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் குயில் தேனீ. தானே மகரந்தம் சேர்ப்பதில்லை என்பதால் பின்னங்காலில் மகரந்தத் தூரிகை (மகரந்தம் ஒட்டிச் சுமக்கும் அடர்மயிர்) இருக்காது. ஆனால் ஆண் அமெகில்லாவுக்கும் தூரிகை கிடையாது, காலை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம்.

இனம் பிரிக்க நேர் மேலிருந்து ஒரு படம் கட்டாயம். நெஞ்சின் பின்விளிம்பில் ஒரு தகடு வயிற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் வெட்டு எவ்வளவு ஆழம், ஓரங்கள் கூரா மழுங்கலா என்பதுதான் முக்கியம். கூடவே முகம், பக்கவாட்டு, விரித்த இறக்கை. உணர்கொம்புக் கணுக்களை எண்ண முடிந்தால் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

பகலில் துரத்தாதீர்கள், படம் கலங்கிவிடும். விடியுமுன் போங்கள். காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வியபடி, கால்கள் தொங்க, பனி படிந்து தூங்கும். வெயில் ஏறும்வரை அசையாது. ஃப்ளாஷ் வேண்டாம், மினுங்கும் மயிரில் நீலம் வெளிறி வெள்ளையாகத் தெரியும்.

அப்படியும் தகடு தெளியாவிட்டால் ‘தைரியஸ்’ என்று பேரினத்தோடு நிறுத்திப் பதியுங்கள். படம் பார்த்து இனம் சொல்லும் செயலி நீட்டும் இனப்பெயரை அப்படியே ஒட்டினால் எந்த இனம் எங்கே வாழ்கிறது என்று காட்டும் பரவல் வரைபடமே கெட்டுப்போகும்.